ஆவுளியா வாலுக்கு எந்த லென்ஸ்?

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வரும் போன்களில் பாதி, சொந்தக்காரர்களுடையது அல்ல. "அக்கா, ஐந்நூறு வாங்கவா, அறுநூறு வாங்கவா?" என்று கேட்கிறவர்களுடையது. அது மில்லிமீட்டர் கணக்கு. பறவையையும் விலங்கையும் தூரத்திலிருந்து எடுக்கும் பெரிய லென்ஸ்களை எங்கள் ஆட்கள் அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எண் கூடக் கூட தூரத்தில் இருப்பது கிட்டே வரும். கையில் இருக்கும் பாரமும் கூடவே வரும்.

இப்போது அந்தக் கேள்வியோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. போன மாதம் பேசியவர் மாப்பிள்ளையூரணிப் பக்கம் லாரி செட் வைத்திருக்கிறார். தங்கமான மனிதர். ஓர் அறுநூறை வாங்கி, அதைத் தாங்க ஒரு ஸ்டாண்டும் வாங்கி, உப்பளச் சேற்றில் ஸ்டாண்டை இறக்கிவிட்டு அதைப் பிடுங்குவதற்குள் பறவை, வெயில், பொறுமை மூன்றையும் பறிகொடுத்தவர். "இப்ப வார கேமராவுல கை நடுக்கத்தை அதுவே சரி பண்ணிருதாமே. இனி கைப்பழக்கம்லாம் எதுக்குக்கா?" என்றார்.

"நடுக்கத்தை அது பாத்துக்கிடும் அண்ணாச்சி. எங்கன பாக்கணும், எப்ப அமுக்கணும்னு அது சொல்லாதுல்லா?" என்றேன். மனிதர் விடவில்லை. நானும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டேன். அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். இந்த விஷயத்தில் எனக்கு அடக்கம் கிடையாது. இந்தக் கடற்கரையில் ஆடுகிற வள்ளத்தில் உட்கார்ந்து பெரிய லென்ஸை வெறுங்கையில் பிடித்தவர்களில் என்னை விட நன்றாகப் பிடித்தவர் இருந்தால் வரச் சொல்லுங்கள், டீ வாங்கித் தருகிறேன்.

என் பெயர் பிலோமினா. ஊர் தூத்துக்குடி. கடல் உயிரினங்களைக் கணக்கெடுக்கும் ஓர் ஆய்வு அலுவலகத்தில் படம் எடுக்கிறவளாக வேலை பார்த்தேன். அதற்கு முன்னால் கல்யாண வீடுகளில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கோயில் திருவிழா, சாயர்புரத்து ஞானஸ்நானம், ஆத்தூர்க் கல்யாணம் என்று எதையும் விட்டதில்லை. காயல்பட்டினத்தில்தான் எனக்குக் கிராக்கி அதிகம். அங்கே பெண்கள் பக்கம் படம் எடுக்கப் பெண் வேண்டும். அப்போதெல்லாம் பெண் என்றால் நான் ஒருத்திதான்.

அப்படி ஒரு நிக்காஹ் வீட்டில்தான் டாக்டர் ஜைனப் என்னைப் பார்த்தார். காயல்பட்டினத்துக்காரர். வாப்பாவும் அண்ணன்மாரும் துபாயில் வியாபாரம் பார்க்க, இவர் கடற்பசுவையும் கடலாமையையும் படித்துவிட்டு எங்கள் கரைக்கே ஆய்வு நடத்த வந்துவிட்டவர். நான் ஒரு கையில் கேமராவையும் பெரிய பிளாஷையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மறு கையால் மணப்பெண்ணின் முந்தானையைச் சரிசெய்தபடி அவளிடம் கதை பேசிக்கொண்டிருந்தேன்.

"ஏளா, கை வலிக்கலையா ஒனக்கு?" என்றார் டாக்டர்.

"வலிக்கத்தான் செய்யுது. அதை மூஞ்சில காட்டுனா பொண்ணு எப்படிச் சிரிப்பா?"

அவர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. படிப்பு, சான்றிதழ், தேர்வு எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. அதையெல்லாம் எழுதினால் எனக்கே தூக்கம் வரும்.

அந்த அலுவலகத்தில் அப்போது மூன்று லென்ஸ்கள் இருந்தன. நான் போன உடனேயே மூன்றுக்கும் பெயர் வைத்துவிட்டேன். அறுநூறுக்கு அண்டா. ஐந்நூறுக்குக் குடம். முந்நூறுக்குச் செம்பு. அண்டாவை அதுவரை யாரும் ஸ்டாண்டு இல்லாமல் தூக்கியதில்லை. ஆனால் வள்ளத்தில் ஸ்டாண்டு ஆகாது. இன்ஜினின் நடுக்கம் பலகை வழியாக ஸ்டாண்டுக்குப் போய், ஸ்டாண்டிலிருந்து லென்ஸுக்குப் போய், படத்தில் ஒவ்வொரு பறவைக்கும் இரண்டு அலகு வந்துவிடும். அந்த நடுக்கம் லென்ஸுக்குப் போகாமல் தடுக்க மனித உடம்பை விட நல்ல சாமான் இன்றுவரை வரவில்லை. சதையும் எலும்பும் நடுவில் இருந்தால் பாதி நடுக்கம் அங்கேயே செத்துவிடும்.

முதல் நாள் டாக்டர் ஜைனப் அண்டாவை என் கையில் கொடுத்து, துறைமுகத்துப் பக்கம் தெரிந்த ஒரு கிரேனைக் காட்டினார். "அதோட உச்சியைப் பாரு. பாத்துக்கிட்டே நேத்து என்ன சமைச்சேன்னு சொல்லு."

"சீலா மீன் கொழம்பு மேடம். புளியைக் கரைச்சு..." என்று ஆரம்பித்தேன். மசாலா அரைப்பதற்குள் என் குரல் இறங்கிவிட்டது.

"இறக்கு" என்றார்.

அது அவருடைய வழக்கம். லென்ஸைத் தூக்கினால் வாயைத் திறக்க வேண்டும். பார்ப்பதையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சை அடக்கிப் பிடிக்கிறவர்களின் கை, முதல் படத்துக்கு ஆடாமல் இருந்து மூன்றாவது படத்துக்கு ஆடும் என்பது அவர் கண்டது. பேசிக்கொண்டிருப்பவரால் மூச்சை அடக்க முடியாது. பேச்சு நின்றாலோ குரல் நடுங்கினாலோ, "இறக்கு" என்பார். கெஞ்சினாலும் கேட்கமாட்டார். எதிரே திமிங்கிலமே எழுந்து நின்றாலும் இறக்கித்தான் ஆக வேண்டும். அதட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். தலையை மூடிய தட்டத்தை நேராக்கிப் போட்டுக்கொண்டு அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வார். வேலைக்கு வந்த புதிதில் அந்தச் சொல் என் கனவில் வந்திருக்கிறது.

ஆனால் கற்றுக்கொண்டது அதில்தான். பெரிய லென்ஸைப் பிடிப்பது என்றால் தூக்குவது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தண்டால் எடுத்துத் தோளை ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். அது பாதி வேலைதான். எப்போது இறக்கி மடியில் வைப்பது என்று தெரிந்தவருக்குத்தான், தேவைப்படும் நேரத்தில் கை கைவசம் இருக்கும். தேடுவதற்கு வெறுங்கண் போதும். கண்ணில் பட்ட இடத்திலேயே பார்வையை ஆணியடித்த மாதிரி வைத்துக்கொண்டு, லென்ஸைக் கண்ணுக்குக் கொண்டு வர வேண்டும். லென்ஸுக்குள் கண்ணை வைத்துக்கொண்டு கடலைத் தேடுகிறவர் அன்று முழுவதும் கடலைத்தான் பார்ப்பார்.

இடது கை லென்ஸின் அடியில், பாரம் இரண்டு பக்கமும் சமமாக நிற்கும் இடத்தில் இருக்க வேண்டும். அடியில் இருக்கும் பிடியை மேல் பக்கம் திருப்பிவிட்டால் உள்ளங்கை முழுசாகக் குழாயில் படியும். இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். புருவத்தைக் கேமராவில் அழுத்த வேண்டும். அது மூன்றாவது கை. இடுப்புக்குக் கீழே வள்ளத்தோடு ஆடட்டும், மேலே ஆடக்கூடாது. உட்காருவதற்கு நான் கண்டுபிடித்தது காற்றடித்த லாரி டியூப். பலகையின் மேல் அதைப் போட்டு உட்கார்ந்தால் இன்ஜின் நடுக்கம் டியூபோடு நின்றுவிடும். எங்கள் வள்ளக்காரர் கஸ்பார் அண்ணாச்சி முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு, "ஏளா பிலோ, படம் புடிக்க வாரியா, முங்குனா தப்பிக்க வாரியா?" என்று கேட்டார். "ரெண்டுக்கும்தான்" என்றேன்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். தராசில் பார்க்கும் எடையை நம்பாதீர்கள். ஒரே எடையுள்ள இரண்டு லென்ஸில் ஒன்று கையை முன்னால் இழுக்கும், இன்னொன்று சொன்ன பேச்சைக் கேட்கும். பழையதில் பெரிய கண்ணாடிகள் எல்லாம் முன்பக்கம் இருக்கும். புதிதாக வருபவற்றில் பாரத்தைக் கேமரா பக்கம் தள்ளிவிட்டார்கள். கடையில் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, "லேசாத்தான் இருக்கு" என்று வாங்கி வராதீர்கள். தூக்கி இறக்கி, தூக்கி இறக்கி, கடைக்காரர் முகம் சுளிக்கும் வரை பாருங்கள். காற்றையும் கணக்கில் வையுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், வெயிலுக்காக லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்புக் குழல் பாய் விரித்த மாதிரி காற்றைப் பிடிக்கும். கழற்றினால் உப்புத் தண்ணீர் கண்ணாடியில் தெறிக்கும். நான் கழற்றிவிட்டு, மாராப்பில் ஒரு மெல்லிய துணி சொருகி வைத்திருப்பேன். துடைத்துவிடலாம், ஆடிய படத்தைத் துடைக்க முடியாது.

இதெல்லாம் தெரிந்த பிறகும் என்னைத் திணறடித்தது ஒரு வால்.

ஆவுளியா என்று எங்கள் பக்கம் சொல்வது கடற்பசுவை. கடற்புல் மேயும் பெரிய பிராணி. ஆள் பார்ப்பதே அபூர்வம். அதைக் கொல்வது பெருங்குற்றம். திரேஸ்புரத்தில் சேவியர் என்றொருவர், சொந்த வள்ளத்தில் வலை விடுகிறவர், ஒரு நாள் காலையில் வலையை இழுக்கும்போது உயிரோடு ஓர் ஆவுளியா சுற்றிக் கிடந்திருக்கிறது. புதுசான தன் வலையை அறுத்து அதை விட்டுவிட்டார். அது போவதைத் தன் போனில் எடுத்தும் வைத்தார். முதுகில் இரண்டு வெள்ளைத் தழும்புகள், எப்போதோ ஏதோ படகின் விசிறி வெட்டியதாக இருக்கும். தண்ணீருக்குள் இறங்கும்போது வாலில் வலப்பக்கம் பிறை மாதிரி ஒரு துண்டு இல்லை. இவ்வளவும் அந்த வீடியோவில் தெரிந்தது. மனிதருக்குப் பெருமை. கரை முழுக்கக் காட்டினார்.

சில நாளில் வடக்கே ஒரு கரையில் ஆவுளியா ஒன்று செத்து ஒதுங்கியது. முதுகும் வாலும் மீன் தின்று போயிருந்தன. கழுத்தில் வலைத் துண்டு. விசாரிக்க வந்த அதிகாரிகளுக்குத் தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. ஆவுளியா வலையில் மாட்டியது என்பதற்குச் சேவியரின் போனே சாட்சி. அறுத்துவிட்ட பிறகும் மிச்ச வலை கழுத்தில் இறுகிச் செத்துவிட்டது என்றார்கள். வலைத் துண்டும் அதே ரகம். கரையில் எல்லாரும் ஒரே கடையில் வாங்கும் ரகம்தான், ஆனால் அதை யார் கேட்டார்கள்? வள்ளம், இன்ஜின், வலை எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வழக்கு நிரூபணமானால் வருடக்கணக்கில் சிறை.

சேவியரின் மனைவி அமலி எங்கள் அலுவலகத்துக்கு வந்து நின்றாள். அழவில்லை. கோபம்தான்.

"வெட்டி விட்டதுக்கு வலை போச்சு. காமிச்சதுக்கு வள்ளம் போச்சு. நல்லது செஞ்சா இதுதானாக்கா கெடைக்கும்? அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா எவனுக்குத் தெரியும்?"

அவள் போன பிறகு டாக்டர் ஜைனப் என் பக்கம் திரும்பினார். "இவன் உள்ள போனான்னா, இனி இந்தக் கரையில ஒருத்தன்கூட வலையை வெட்ட மாட்டான் பிலோ. மாட்டுனதைக் கல்லைக் கட்டி இறக்கிட்டுப் பேசாம வீட்டுக்குப் போயிருவான்."

சேவியர் விட்டது உயிரோடு இருந்தால், செத்தது வேறொன்று. அதை நிரூபிக்க, அதே இரண்டு தழும்பும் அதே வாலும் தெரியும்படி ஒரு படம் வேண்டும். வேண்டியது அவ்வளவுதான். ஆனால் ஆவுளியா மூச்சுவிட வரும்போது மூக்கை மட்டும் நீட்டும். அதுவும் ஒரு நொடி, இரண்டு நொடி. முதுகு தெரிவது எப்போதாவது. ஆழத்துக்கு இறங்கும்போதுதான் முதுகை வளைத்து, மனசிருந்தால் வாலைத் தூக்கும்.

அனுமதி வாங்கிக்கொண்டு வான் தீவுப் பக்கத்துக் கடற்புல் பரப்புக்குப் போனோம். அறுந்த புல் தண்ணீரில் மிதக்கும் இடத்தில் அது மேய்கிறது என்று அர்த்தம். கஸ்பார் அண்ணாச்சி இன்ஜினை நிறுத்திவிட்டுத் துடுப்பை மட்டும் வைத்துக்கொள்வார். நான் அண்டாவை எடுத்துப் போயிருந்தேன். தூரத்துப் பிராணி, கிட்டே போகவும் கூடாது. யாராக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள்.

பல நாள் ஒன்றுமில்லை. ஒரு நாள் தூரத்தில் மூக்கு தெரிந்தது. தெரிந்த உடனே தூக்கினேன். அறுநூறில் தெரியும் கடல் ஒரு கைக்குட்டை அகலம். அதற்குள் அதைக் கண்டுபிடிப்பதற்குள் முதுகு போய்விட்டது. வால் மட்டும் எழும்போது பிடித்தேன். காற்றும் அலையும் கைக்குள் புகுந்துவிட்டன.

அலுவலகத்தில் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். அமலியும் இருந்தாள். வலப்பக்கம் வளைவாகக் கறுப்பாக ஏதோ தெரிந்தது.

"இதான்! இதே வாலுதான்!" என்று கத்தினாள்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. டாக்டர் ஜைனப் படத்தை இன்னும் பெரிதாக்கினார். "இது வெட்டா, அலையோட மடிப்பா?"

"வெட்டுதான் மேடம்."

"தெரியுததைச் சொல்லுதியா, வேணுங்கிறதைச் சொல்லுதியா?"

அவர் அந்தப் படத்தை மூடிவிட்டார். "இதைக் கொண்டு போய்க் குடுத்தா, அலைன்னு அவங்க ஒரு வார்த்தையில முடிச்சிருவாங்க. பொறவு நாம நல்ல படத்தைக் கொண்டு போனாலும் நம்ப மாட்டாங்க. ஒரு தடவைதான் நம்மளை நம்புவாங்க பிலோ."

அமலி எழுந்துவிட்டாள். "ஒங்க வள்ளத்தையா புடிச்சு வச்சிருக்காங்க? ஒங்களுக்கென்ன, மாசமானா சம்பளம்!" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். எனக்கும் அன்று மேடம் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் சொன்னது சரி என்று தெரிந்ததால் ஆத்திரம் இன்னும் கூடியது.

மறுநாள் நானே போய்ச் சொன்னேன். "அண்டா வேண்டாம் மேடம். செம்பை எடுத்துக்கிடுதேன்."

சக ஊழியர்கள் சிரித்தார்கள். செம்பில் ஒரு சிறிய கண்ணாடி வளையத்தைச் சேர்த்து மாட்டினாலும் நானூற்றுச் சொச்சம்தான் வரும். தூரத்துப் பிராணிக்குப் பாதி வழியில் நிற்கும் லென்ஸ். ஆனால் அதில் தெரியும் கடல் அகலமானது, உடனே கண்டுபிடிக்கலாம். பாரம் பாதிதான், அதனால் மடியிலிருந்து கண்ணுக்கு வரும் வேகம் இரட்டிப்பு. என் கை ஆடும் ஆட்டமும் படத்தில் குறைவாகத் தெரியும்.

"வால் சின்னதாத் தெரியுமே பிலோ."

"சின்னதாத்தான் தெரியும் மேடம். ஆனா தெரியும்."

"சரி. ஒன் கை, ஒன் லென்ஸ்" என்றார். கஸ்பார் அண்ணாச்சிக்குத்தான் பரம சந்தோஷம். அண்டாவின் பெட்டியை ஏற்றினால் வள்ளம் ஒரு பக்கம் சாய்கிறது என்று அவருக்கு நெடுநாள் குறை.

இன்னொரு முடிவும் எடுத்தேன். மூக்கைக் கண்டால் அமுக்குவதில்லை. மூக்குக்கு ஆசைப்பட்டு விரலை அமுக்கிப் படபடவென்று எடுத்துத் தள்ளினால், வால் எழும் நேரத்தில் கேமரா மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். முதுகு வளையும் வரை விரல் சும்மா இருக்க வேண்டும். படம் எடுக்கிறவர்களுக்கு இதைவிடக் கஷ்டமான காரியம் கிடையாது. முழுநாள் காத்திருந்து கண் முன்னால் வந்ததை எடுக்காமல் விடுவதற்குத் தோளில் பலம் இருந்தால் போதாது.

கச்சான் ஓய்ந்து கடல் கண்ணாடி மாதிரி கிடந்த ஒரு காலையில், மிதக்கும் புல்லுக்கு நடுவே வள்ளம் நின்றது. கஸ்பார் அண்ணாச்சி பின்னால், மேடம் நடுவில், நான் டியூபின் மேல். லென்ஸ் மடியில்.

இடப்பக்கம் பொசுக்கென்று ஒரு மூச்சுச் சத்தம். தூக்கினேன். வழக்கப்படி வாயும் திறந்தது.

"மூக்கு. நம்மளைப் பாத்துத்தான் வருது. எடுக்கல."

"எடேன்ளா!" என்றார் கஸ்பார் அண்ணாச்சி.

"சும்மா இருங்க அண்ணாச்சி" என்றார் மேடம்.

"உள்ள போயிட்டு. இறக்குதேன்." மடியில் வைத்தேன். தண்ணீருக்கு அடியில் சேறு கலங்கிய கோடு எங்கள் பக்கமாகவே வந்தது. அந்தக் கோட்டின் முனையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மறுபடியும் மூச்சு. இந்தத் தடவை அத்தனை பக்கம். "மூக்கு. எடுக்கல. முதுகு வருது. வெள்ளைக் கோடு ஒண்ணு. ரெண்டு. ரெண்டு கோடு மேடம்! வளையல. இன்னும் வளையல. வளையுது..."

அமுக்கினேன். முதுகு வில் மாதிரி வளைந்து வழுக்கிக்கொண்டு போக, பின்னாலேயே வால் எழுந்தது. தண்ணீர் வடிய வடிய அகலமாக நின்றது. வலப்பக்கம் பிறை மாதிரி ஒரு துண்டு இல்லை. அந்த இடைவெளி வழியாக நான் தீவைப் பார்த்தேன். அண்டாவைக் கொண்டு போயிருந்தால், அவ்வளவு பக்கத்தில் எனக்குத் தெரிந்திருப்பது சாம்பல் நிறச் சுவர்தான். "வால், வால், வால்" என்று கத்திக்கொண்டே இருந்தேனாம். வால் போன பிறகும் நிறுத்தவில்லையாம். அண்ணாச்சி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

மேடம் அலுவலகத்துக்கு வந்து, திரையில் ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கி, சேவியரின் வீடியோவைப் பக்கத்தில் வைத்து, தழும்புக்குத் தழும்பு, வளைவுக்கு வளைவு ஒப்பிட்டுப் பார்த்தார். எனக்கு உட்கார முடியவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அமலியை வரச் சொல்லு" என்றார்.

அமலி வந்தாள். திரையைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மேடமும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

வழக்கு ஒரே நாளில் போய்விடவில்லை. எங்கள் அறிக்கை, கூடுதல் விளக்கம், நேரில் விசாரணை என்று இழுத்துத்தான் விட்டார்கள். வள்ளம் திரும்பி வரும்போது இன்ஜின் துரு ஏறிக் கிடந்தது. ஆனால் வந்தது. சேவியர் திரும்பக் கடலுக்குப் போனார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. மீன் வாங்கப் போனால் எடை போட்ட பிறகு கையால் இரண்டு அள்ளிப் போடுவார்கள். "பிலோ அக்கா படம் இருந்தா கேஸ் இல்லை" என்று கரையில் ஒரு பேச்சே உண்டாகிவிட்டது. அந்தப் பேச்சை நானும் ரசித்தேன். அது எங்கே போய் நிற்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச மாதம் இருக்கும்போது, துறையடியில் உட்கார்ந்து செம்பின் மேல் படிந்திருந்த உப்பை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். மேடம் வெளியூரில் இருந்தார். போன் அடித்தது. சேவியர். பின்னால் ஆட்கள் கத்தும் சத்தம், தண்ணீர் அடிபடும் சத்தம்.

"அக்கா, திரும்பவும் ஆவுளியா ஒண்ணு வலையில கெடக்கு. சீக்கிரம் வாங்க."

"உயிர் இருக்கா?"

"இருக்கு. மூச்சுக்குத் தவிக்கு. ரெண்டு பேரு தலையைத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு இருக்கோம். வெலாங்குசல்லித் திட்டுக்குத் தெக்க நிக்கோம். அண்டாவோ செம்போ, எதையாவது எடுத்துக்கிட்டு வந்திருங்க. நீங்க எடுத்த பொறவு வெட்டி விட்டிருதேன்."

வள்ளம் பிடித்து நான் அங்கே போய்ச் சேருவதற்குள் அது செத்துப் போகும். அத்தனை பாரத்தை இரண்டு பேர் எவ்வளவு நேரம் தூக்கிப் பிடிப்பார்கள்?

"சேவியர், வெட்டு" என்றேன்.

"படம்?"

"படம் வேண்டாம். இப்பமே வெட்டு."

"போன தடவை என் போன்ல எடுத்தேன். அதை வச்சுத்தானக்கா என்னையப் புடிச்சாங்க. ஒங்க படம் இருந்தாத்தான் நம்புவாங்க."

"தெரியும்ப்பா. வெட்டு."

"அக்கா... என் வள்ளம்க்கா."

அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. நான் அதிகாரியும் இல்லை, ஆய்வாளரும் இல்லை, படம் எடுக்கிறவள். நாளைக்கு ஏதாவது ஆனால் என் ஓய்வூதியத்தையே நிறுத்தி வைக்கலாம். அதையெல்லாம் யோசித்தேன். யோசித்துக்கொண்டேதான் கத்தினேன்.

"ஒன் வள்ளத்துக்கு நான் வந்து நிக்கேன். யார் கேட்டாலும், பிலோமினாதான் வெட்டச் சொன்னான்னு சொல்லு. படம் எடுக்கவளே படம் வேண்டாம்னுட்டான்னு சொல்லு. நீ நல்லாயிருப்பே, வெட்டுலே!"

போனை எங்கேயோ வைத்துவிட்டார். யாரோ யாரையோ ஏசினார்கள். "தலையை விடாதலே, தலையை விடாத" என்று ஒரு குரல். கத்தி வலையில் கரகரவென்று இழுபடும் சத்தம். அப்புறம் ஒரு பெரிய தண்ணீர்ச் சத்தம், அதற்குப் பிறகு எல்லாரும் சேர்ந்து போட்ட கூச்சல். என்ன கூச்சல் என்று எனக்குப் புரியவில்லை. செம்பை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா."

"சொல்லுப்பா."

"நீந்திப் போயிட்டு." அவருக்கு மூச்சு வாங்கியது. "வாலைப் பாத்தேன்க்கா. முழுசா இருக்கு. இது வேற ஆவுளியா."

துறையடி என்றும் பார்க்கவில்லை. சத்தம் போட்டு அழுதேன். இன்னொன்று இருக்கிறது எங்கள் கடலில், முழு வாலோடு. அதன் படம் எங்கள் அலுவலகத்தில் இல்லை.